போனில் பேசாத அண்ணன்

அண்ணன் மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர்களுக்கும், மில்லில் அண்ணனோடு ஒரே ஷிப்டில் நின்றவர்களுக்கும் உடன்பிறந்த தங்கை வணங்கி எழுதுவது. இப்படிப்பட்ட மலர்களில் மறைந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதி, நன்றி சொல்லி முடிப்பது வழக்கம். அண்ணனின் பிள்ளைகளும் அதை எதிர்பார்த்துத்தான் என்னிடம் தாளைக் கொடுத்தார்கள். அத்தை டெலிபோன் ஆபீஸ்காரி, கோவையாகச் சொல்லிவிடுவாள் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கோ கோவையாக வருமா என்று தெரியவில்லை. வருகிறபடி எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது சேத்தூரில். அப்பா குத்தகைக்கு நிலம் பிடித்து உழுதவர். அண்ணனுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் கண்மாய் பெருகாமல் போக, குத்தகையும் கைவிட்டுப் போனது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போய் ஒரு நூற்பாலை வாசலில் நின்றார். அந்தக் காலத்தில் பதிலி வேலை என்று ஒன்று இருந்தது. நிரந்தர ஆள் யாராவது வராவிட்டால், வாசலில் நிற்பவர்களில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவுடன் குரல் கொடுக்காவிட்டால் அடுத்தவனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அண்ணன் எட்டு மாதம் அப்படி நின்றார். "பேரைச் சொல்லி வாய மூடுததுக்குள்ள 'இருக்கேன்யா'ன்னுருவேன்" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். அப்போது அண்ணனுக்குக் காது அப்படி.

உள்ளே போன பிறகு எண்ணெய் விடுகிற வேலை, பிறகு ரிங் பிரேமில் உதவியாள், பிறகு மெசினைப் பிரித்துப் பழுது பார்க்கிற பிட்டர். ரிங் பிரேம் என்பது பஞ்சை நூலாக முறுக்குகிற நீண்ட மெசின். ஒரு கூடத்தில் ஐம்பது அறுபது ஓடும். ஒரே ஒருமுறை பார்க்கப் போனேன். உள்ளே காலை வைத்ததும் மண்டைக்குள் யாரோ தகரத்தைப் போட்டு இழுப்பதுபோல இருந்தது. பக்கத்தில் நின்று கத்தினாலும் ஒன்றும் விளங்கவில்லை. அங்கிருந்தவர்கள் கத்தவே இல்லை. இந்த முனையில் நிற்பவர் உதட்டை அசைக்கிறார், அந்த முனையில் நிற்பவர் சிரிக்கிறார். சத்தமே இல்லாமல் ஊர் வம்பு முழுக்க நடக்கிறது. அங்கே பலருக்கு வீட்டு மொழி தெலுங்கு. அண்ணனுக்கு அது பேச வராது. ஆனால் தெலுங்கில் அசைகிற உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. டெலிபோன் ஆபீஸில் சேர்ந்த புதிதில் தோழிகளிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் நம் பக்கம் எல்லாம் தலைகீழாக மாறியது. சங்கரன்கோவில் ரோடு, சாத்தூர்ப் பக்கம், தளவாய்புரம் தாண்டி என்று எங்கே பார்த்தாலும் புது மில் எழும்பியது. பழைய மில்லிலும் பழைய மெசினைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளிநாட்டு மெசினை இறக்கினார்கள். மரப்பெட்டி மரப்பெட்டியாக லாரியில் வந்தது. மெசின் வந்துவிட்டது, தொடுவதற்குத்தான் ஆள் இல்லை. அண்ணனுடைய மில் மாஸ்டர் எங்கள் வீட்டு வாசலில் நின்றே புலம்பியிருக்கிறார். "சர்டிபிகேட்டத் தூக்கிட்டு தெனம் பத்துப் பேரு வாரான். மெசினத் தொடத் தெரிஞ்சவன் ஒருத்தன் வரமாட்டேங்கான்" என்பார். தொடத் தெரிந்தவராக அண்ணன் இருந்தார்.

அந்த மெசினை நிறுவிக் காட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் பேசிய இங்கிலீஷ் மாஸ்டருக்கே பாதிதான் புரிந்ததாம். அண்ணன் அவருடைய வாயையும் கையையும் பார்த்துக்கொண்டே நான்கு நாள் கூட நின்றார். ஐந்தாம் நாள் அவர் இல்லாமலே ஒரு மெசினைப் பிரித்து மாட்டிவிட்டார். ஓடுகிற மெசினின் மேல் உள்ளங்கையை வைத்தபடி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பார். நடுவில் நின்று, "இந்த பேரிங் போச்சு" என்பார். கழற்றிப் பார்த்தால் போயிருக்கும். மற்றவர்கள் காதைக் கொடுத்துக் கேட்டுக் கண்டுபிடிப்பதை இவர் தொட்டுக் கண்டுபிடிக்கிறார் என்று மில் முழுக்கப் பேச்சு. அது தொழில் சுத்தம் என்று நாங்கள் நினைத்தோம்.

ஒரு காலத்தில் மில் வாசலில் அண்ணன் காத்து நின்றார் அல்லவா? இப்போது மில்காரர்கள் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஷிப்டு விடுகிற நேரத்தில் எதிர் டீக்கடையில் வேற்று மில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். திண்டுக்கல், கோயம்புத்தூர் என்று கூப்பிட்டார்கள். ஆப்பிரிக்காவில் மில் வைத்திருக்கிறவர்களுக்காக ஒரு ஏஜெண்டு வந்து, விமான டிக்கெட்டு முதல் வீடு வரை எல்லாம் தருவதாகச் சொன்னார். அண்ணன் ஒன்றுக்கும் அசையவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, "பார்ப்போம்" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார். அண்ணனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். இதை வாசிக்கும் சிலர் என்னிடமே சொல்லியிருக்கிறீர்கள். நானும் இல்லை என்று சொன்னதில்லை. எனக்கும் அதே எண்ணம்தான்.

இனி என் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அண்ணன்தான் என்னைப் படிக்கவைத்து, டெலிபோன் ஆபீஸ் இண்டர்வியூவுக்கு விருதுநகர் வரை கூட்டிப்போனார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது, வாழ்க்கைப்பட்டதும் அதே ஊர். டிரங்க் கால் பதிந்து, இந்த ஊர் குரலை அந்த ஊர் காதில் சேர்ப்பது என் வேலை. குரலைக் கேட்டே பேசுகிறவருக்குச் சளியா, கோபமா, பொய் சொல்கிறாரா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு, கூடப் பிறந்த அண்ணன் தன்னோடு ஒருமுறைகூடப் போனில் பேசியதில்லை என்பது பதினைந்து வருஷமாக உறைக்கவில்லை.

அண்ணன் வீட்டுக்கு எதிரில் இருந்த சைக்கிள் கடையில் போன் வந்தது. கூப்பிட்டால் மதினிதான் ஓடி வருவாள். அண்ணனிடம் கொடு என்றால், "அவியளுக்கு போன்ல பேசுனா சரிப்படாதாம் தாயி. நேர்ல வாரேங்காக" என்பாள். சொன்னபடி அண்ணன் வந்துவிடுவார். ஒரே ஒரு விஷயம் சொல்ல ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு சைக்கிளை மிதித்து வருவார். வாசலில் இருந்து பேசமாட்டார். வீட்டுக்குள் வந்து, என் முகத்துக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் பேசுவார். தங்கச்சி மேல் உயிர் என்று என் மாமியார்கூட மெச்சினார். உயிர்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு காரணம் இருந்ததை நான் பார்க்கவில்லை.

வீட்டிலும் யாரும் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? மதினியும் மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தவள். அந்த வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். உப்பு கேட்பதே சண்டைக்கு இழுப்பதுபோல இருக்கும். ராஜபாளையத்தில் மில்லுக்குப் போகிறவர்கள் தெரு முழுக்க அப்படித்தான். நான் போகிறபோதெல்லாம், "ஏன் மதினி இப்படிக் கத்துதீக, காதா கேக்காது?" என்று கேட்டிருக்கிறேன். அவள் சிரிப்பாள். அண்ணனும் என் வாயைப் பார்த்துச் சிரிப்பார். கரண்டு போய்விட்டால் மட்டும் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்வார். அலுப்பு என்று விட்டுவிடுவோம். மில் சங்கு ஊதிவிட்டதா என்று கேட்டால், தெருவில் ஆட்கள் நடக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஊதிட்டு" என்பார். இதெல்லாம் கண் முன்னால் நடந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், ஏற்றுமதிக்கென்றே நூல் நூற்கிற புது மில் ஒன்று ஊருக்கு வெளியே வந்தது. அண்ணனைப் பராமரிப்புக்கு முழுப் பொறுப்பாளராகப் போடுவதாக வீடு தேடி வந்து சொன்னார்கள். தனி அறை, பிட்டர்கள் எல்லோரும் அண்ணன் கையில். ஒன்பதாம் வகுப்புப் படித்தவருக்கு வேறு யார் தருவார்கள்? அண்ணன் வழக்கம்போல, "பார்ப்போம்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! பஸ் பிடித்துப் போய்ச் சத்தம் போட்டேன். பிள்ளைகளை நினைத்துப் பார்க்க வேண்டாமா, அப்படி என்ன வீம்பு என்று கேட்டேன். அண்ணன் கடைசியில் வாயைத் திறந்தார். "அங்க சேரணும்னா டாக்டர்ட்ட காட்டிச் சீட்டு வாங்கியாரணுமாம் தாயி. அதெல்லாம் நமக்கு வேண்டாம்" என்றார். எனக்கு அது சாக்காகப் பட்டது. டாக்டரிடம் காட்ட என்ன வலிக்கிறது, நானே கூட்டிப்போகிறேன் என்று மதுரைக்குக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனேன்.

எல்லாவற்றையும் பார்த்தார்கள். கடைசியாகக் காது டாக்டர். அவர் வயசானவர், நிதானமானவர். முதலில் சாதாரணமாகப் பெயர், ஊர் கேட்டார். அண்ணன் கணீரென்று பதில் சொன்னார். பிறகு டாக்டர் ஒரு தாளை எடுத்துத் தம் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். அண்ணன் சும்மா இருந்தார். டாக்டர் குரலை உயர்த்தி மறுபடி கேட்டார். அண்ணன் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். திருடன் பிடிபட்டதுபோலப் பார்த்தார். தப்பே செய்யாதவர் அப்படிப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா இப்படி?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

"எப்படி சார்?"

"காது கேட்காம."

நான், "எங்கண்ணனுக்குக் காது நல்லாக் கேக்குமே சார்" என்றேன். அந்த அறையில் அப்படிச் சொன்னேன். பிறகு பொத்தானும் விளக்கும் வைத்த மெசினில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் மிச்சம் இருப்பது ரொம்பக் கொஞ்சம், மில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது, போனது திரும்பாது என்றார் டாக்டர். இத்தனை நாளாக நாங்கள் பேசியதை எல்லாம் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார் என்றார். எத்தனையோ வருஷமாக நான் சொன்னது எதுவும் அண்ணன் காதில் விழவில்லை. என் பிள்ளைகளின் குரல் எப்படி இருக்கும் என்று அவர்களுடைய தாய்மாமனுக்குத் தெரியாது. கேட்காததை எல்லாம் கேட்டதுபோலத் தலையாட்டிக்கொண்டு ஒரு மனிதர் எங்கள் நடுவில் இருந்திருக்கிறார்.

மதுரை பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தோம். முதல் முறையாக அண்ணனுக்கு நேரே திரும்பி, மெதுவாக வாயைத் திறந்து பேசினேன்.

"எப்பருந்துண்ணே?"

"நீ போன் ஆபீஸ்ல சேந்த சமயத்துலயே இரைச்சலாத்தான் இருந்துச்சு. பொறவு ஒண்ணொண்ணா நின்னு போச்சு. குருவி, கொலுசு, குக்கரு... இப்படி."

"ஏண்ணே சொல்லல?"

"என்னன்னு சொல்ல? பிட்டருன்னா மெசின் சத்தத்தக் கேட்டு வேல பாக்கணும். செவிட்டுப் பிட்டர எவன் வச்சுக்கிடுவான்? ஏட்டி, எங்க ஷிப்டுல என்னயத் தவிர பிட்டரு, ஆயிலரு, மேஸ்திரின்னு இருவது பேரு இருக்காக. அம்புட்டுப் பேருக்கும் நல்ல காது. நான் ஒருத்தன்தான் இப்படி ஆயிட்டேன்."

புது மில்லுக்கு வரவில்லை என்று சொல்லிவிடப்போவதாகச் சொன்னார். பழைய மில்லில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்றார். மதினிக்குத் தெரிந்தால் அழுதுகொண்டே தெருவுக்கெல்லாம் சொல்லிவிடுவாள், பிள்ளைகளுக்குத் தெரிந்தால் கூச்சப்படுவார்கள் என்றார். "சத்தியம் பண்ணு" என்று என் கையை எடுத்துத் தம் தலையில் வைத்துக்கொண்டார். அண்ணனுடைய வேலை என் வாயில் இருந்தது. ஊரே தேடி வருகிற வேலைக்காரர் ஒரு வார்த்தையில் வெறும் ஆள் ஆகிவிடுவார் என்று இரண்டு பேரும் நம்பினோம். சத்தியம் செய்தேன்.

எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. அண்ணனுக்குத் தலைக்கனம் என்று யாராவது சொன்னால் மட்டும் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன். காதில் மாட்டுகிற மெசின் வாங்கலாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அது ஊருக்குத் தண்டோரா போட்ட மாதிரி" என்று சிரித்துவிட்டார். சைக்கிளில் ரோட்டில் போகாதீர்கள் என்று சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கே வாய் கூசுகிறது. மதினிக்குத் தெரிந்திருந்தால் அவளுக்குத் தோன்றியிருக்கும்.

விபத்து நடந்த அன்று அண்ணனுக்குக் காலை ஷிப்டு இல்லை. "தங்கச்சிட்ட ஒரு விசயம் சொல்லணும், போயிட்டு வந்துருதேன்" என்று மதினியிடம் சொல்லிவிட்டு அண்ணன் சைக்கிளில் கிளம்பியிருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையை நெருங்கும்போது, பின்னால் வந்த லாரி அடித்துவிட்டது. எனக்கு ஆபீஸுக்குத்தான் தகவல் வந்தது. போர்டில் உட்கார்ந்திருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த காலை நானே எடுத்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. என்ன விஷயம் சொல்ல வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில் நம் ஆட்கள் லாரி டிரைவரைச் சூழ்ந்து நின்றார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்துவிட்டார். அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயசுகூட இருக்காது. "நாலு தடவ ஆரன் அடிச்சேன்ணே, சத்தியமா அடிச்சேன். கொஞ்சங்கூட ஒதுங்கல. எதிர்ல பஸ் வந்துருச்சு, நான் எங்க போவேன்?" என்று கைகூப்பிக்கொண்டே அழுதான். குடித்துவிட்டு ஓட்டினான், பொய் சொல்கிறான் என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். அவன் பொய் சொல்லவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். நான் நடுவில் போய் நின்று, "அவர அடிக்காதீங்க. எங்கண்ணனுக்குக் காது கேக்காது" என்று சொன்னேன்.

சட்டையைப் பிடித்திருந்தவர் கையை எடுத்தார். மதினி தரையில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். இருபது வருஷம் கூட வாழ்ந்தவள். அழுகையை நிறுத்திவிட்டு, "கேக்காதா? அவியளுக்கா?" என்றாள். நான் மதுரையில் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாமே தாயி?"

மதினி அதன் பிறகு என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை என்று சில நாள் தோன்றும்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மில்லிலிருந்து அண்ணனுடைய ஷிப்டு ஆட்கள் இருபது பேரும் ஒன்றாக வந்தார்கள். தெருவில் போட்டிருந்த பந்தலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் நான் சொன்னது அவர்கள்வரை போகவில்லை. நம் ஆட்களுக்கும் அதைப் பேசப் பிடிக்கவில்லை. மதினி வெளியே வரக் கூடாது, பிள்ளைகள் சின்னவர்கள். அதனால் வந்தவர்களுக்கு நன்றி சொல்ல நான் போய் நின்றேன். இரண்டு வார்த்தை ஆரம்பித்ததும் அழுகை முட்டிவிட்டது. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். நம் வீடுகளில் பெண்கள் அழுதால் செய்வதுதான். பொத்திக்கொண்டே மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். குரல் ஒன்றும் தேயவில்லை. அடுப்படியில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் கேட்டோம் என்று பிறகு சொன்னார்கள்.

முன்னால் இருந்த இருபது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் தலையாட்டினார்கள், எனக்குப் பழக்கமான தலையாட்டல். லைனில் ஆள் இருந்தும் பேசாமல் இருப்பது ஒரு மாதிரி, லைனே செத்துக் கிடப்பது வேறு மாதிரி. ஆபரேட்டருக்கு அது தெரியும். மதுரை டாக்டர் தாளைத் தூக்கிப் பிடித்தது கண்ணில் வந்தது. நான் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். நல்ல குரலில், "எல்லாரும் காப்பி குடிச்சாச்சா?" என்று கேட்டேன். அடுப்படியிலிருந்து அண்ணன் மகள், "இன்னும் குடுக்கல அத்த" என்றாள். பந்தலில் இருந்து ஒரு குரல் இல்லை. திரும்பினேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன் வரிசையில் அண்ணனைவிட மூத்த பிட்டர் ஒருவர் இருந்தார். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நேரே குனிந்து, குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன்: "உங்களுக்கும் கேக்காதா அண்ணாச்சி?"

அவரும் குரல் இல்லாமல் உதட்டாலேயே சொன்னார்: "யாருட்டயும் சொல்லிராதீங்க தாயி."

இருபது பேரும் உதட்டைப் பார்த்து வாழ்கிறவர்கள். அந்தக் கூட்டத்தில் ரகசியம் பேச வழி ஏது? பக்கத்தில் இருந்தவர் அவர் வாயைப் பார்த்துவிட்டார். "ஒமக்குமா?" என்று கேட்டார். பெரியவர் அவரைப் பார்த்து, "அப்ப ஒனக்குமாடே?" என்றார். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று வரிசையில் அது போய்க்கொண்டே இருந்தது. ஒருவர் எழுந்து நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஒருவர் சிரித்தார், சிரிப்பு நிற்காமல் அழுகையாகிவிட்டது. தமக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் வருஷக்கணக்காக நினைத்திருக்கிறார்கள். மற்ற எல்லோருக்கும் நல்ல காது என்று பயந்து பயந்து மறைத்திருக்கிறார்கள். உதட்டைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் எல்லோருக்கும் இருந்ததால் யாரையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களைப் பற்றி எனக்கு இன்றும் தெரியாது.

இந்த அதிர்ச்சி எனக்கு அண்ணன் போன அதிர்ச்சியைவிடப் பெரிது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் எத்தனை மில், எத்தனை ஷிப்டு! எந்த ஊர் மில்காரர் கார் அனுப்பிக் கூப்பிட்டாரோ, எந்த ஏஜெண்டு டீக்கடையில் காத்துக் கிடந்தாரோ, அவர்கள் எல்லோரும் காது போன மனிதர்களைத்தான் போட்டி போட்டுக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவருக்கும் தெரியாது. அண்ணன் போகாமல் இருந்தார், மற்றவர்களில் எத்தனை பேர் அதே காரணத்துக்காகப் போகாமல் இருந்தார்களோ! மெசினுக்கு எண்ணெய் விட நாள் குறித்து வைத்திருந்தார்கள். மனிதனுடைய காதைப் பார்க்க ஒரு நாள் யாரும் குறிக்கவில்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்கிறார்கள். இருக்கட்டும். எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

இன்னொன்றும் தோன்றுகிறது. ஆள் கிடைக்காமல் மில்கள் அல்லாடிய காலம் அது. ஒருவர் தனியாகச் சொன்னால் சீட்டைக் கிழித்திருப்பார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். இருபது பேரும் சேர்ந்து, "எங்களுக்குக் காது போய்விட்டது" என்று சொல்லியிருந்தால் எந்த மில்லால் இருபது பேரையும் வெளியே அனுப்பியிருக்க முடியும்? மெசினை யார் ஓட்டியிருப்பார்கள்? உங்கள் கையில் இருந்த பலம் உங்களுக்கே தெரியவில்லை. எனக்கும் தெரியாமல்தான் அண்ணன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

கடந்த ஓராண்டில் உங்களில் ஏழு பேர் மதுரை போய் அந்த டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒருவர் காதில் மெசின் மாட்டிக்கொண்டு தெருவில் நிமிர்ந்து நடக்கிறார். அவருக்கு வேலை போகவில்லை. நால்வர் சைக்கிளில் கண்ணாடி மாட்டியிருக்கிறீர்கள். மற்றவர்கள் இன்னும் யோசிக்கிறீர்கள். யார் பெயரையும் நான் எழுதவில்லை. உங்கள் ரகசியத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அண்ணனுடையதை மட்டும் சொல்லிவிட்டேன், சத்தியத்தை மீறிவிட்டேன். உங்கள் வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பையன்களைக் காதில் பஞ்சாவது வைக்கச் சொல்லுங்கள். பஞ்சுக்கு நம் ஊரில் பஞ்சமா?

அண்ணன் சாந்தமானவர். யாரிடமும் கை நீட்டியதில்லை, யாரையும் வாடா போடா என்றதில்லை. எங்களைக் கரையேற்றியவர். அவருடைய கடைசிப் பயணத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும், பதினைந்து நாளும் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்து இறக்கிய தெருக்காரர்களுக்கும், சைக்கிள் கடை அண்ணனுக்கும், பீஸ் வாங்காமல் ஏழு பேரையும் பார்த்த மதுரை டாக்டருக்கும், ஆறாம் மாதத் திதிக்குப் பூவோடு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போன அந்த லாரி டிரைவர் தம்பிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எந்நேரமும் துணைக்கு இருக்கும் மதினிக்கு நான் தனியாகக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அண்ணனோடு ஒரே ஷிப்டில் நின்ற உங்களுக்கு மட்டும் நன்றி பாக்கி இருக்கிறது. அன்றைக்கு முந்தானைக்குள் என்ன சொன்னேன் என்று பிறகு பலர் கேட்டீர்கள், நான் சொல்லவில்லை. அச்சில் இருப்பதால் இப்போது உங்கள் எல்லோருக்கும் எட்டும். "இத்தன பேரு கூடவே இருந்தீங்க. அதனால எங்கண்ணன் ஒருநாளும் தனியா இல்ல" என்றுதான் சொன்னேன். நல்லவேளை, உங்களில் ஒருவருக்கும் அந்தப் பொய் கேட்கவில்லை.